கவாத்துக்குத் தப்பிய கிளை

அந்தச் செடியைக் கொடைக்கானலிலிருந்து ஒரு மண்ணெண்ணெய் டின்னில் வைத்துக் கொண்டுவந்தேன். வத்தலக்குண்டு வரை அது என் மனைவியின் மடியில் இருந்தது. அங்கிருந்து திருச்சி வரை என் கால்களுக்கு நடுவில். கண்டக்டர் குனிந்து பார்த்து டின்னுக்கும் டிக்கெட் கேட்டார்.

"பூச்செடிங்க" என்றேன்.

"பூவைக் காணோமே?"

"இனிமேதாங்க பூக்கும்."

"அப்ப பூக்குறப்போ வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலையில் நான் ஒரு பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் வைத்துவிட்டுப் போன அந்தச் செடி அங்கே வேலி முழுக்க நின்றது. டீ ட்ரீ என்பார்கள். நாம் குடிக்கிற தேயிலைக்கும் அதற்கும் உறவு கிடையாது. சின்னச் சின்ன இலை, வருஷம் முழுவதும் பச்சை. கசக்கினால் தைலம் போல மணக்கும். பூக்கிற காலத்தில் கிளை தெரியாது. ஐந்து இதழ், வெள்ளையில் லேசாக ரோஜா நிறம், நடுவில் கறுத்த பொட்டு. என் மனைவி அந்தத் தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்தவள். அந்த வேலியைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினாளாம்.

நான் துறையூர்ப் பக்கத்துக்காரன். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டு லாரியில் கிளீனராக ஏறியவன். அதற்குப் பிறகு ஒரே ஊரில் இரண்டு தீபாவளி கொண்டாடியதில்லை. ரோடு போட்டிருக்கிறேன், கிணறு வெட்டியிருக்கிறேன், ஹோட்டலில் மாவரைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் கால் நிற்கவில்லை. எங்கள் முதல் குழந்தை மருங்காபுரிப் பக்கம் கல் உடைக்கிற இடத்தில், ஓலைக் கொட்டகையில் பிறந்தது. ஒரு வாரம் கூட இருக்கவில்லை. அங்கே டாக்டரும் இல்லை, நிழலும் இல்லை. மாமனார் வந்து எங்களை மலைக்கு அழைத்துப்போனார். அங்கே தோட்ட வேலை கற்றுக்கொண்டேன். அங்கும் இருக்க முடியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டி ஒரு மல்லிகைத் தோட்டம். அதன் மூலையில் ஓடு போட்ட ஓர் அறை, ஒரு கிணறு. தோட்டக்காரர் எங்களைக் குடிவைத்தார். வாடகைக்குப் பதில் என் மனைவி விடியற்காலையில் மொக்குப் பறித்துக் கொடுக்க வேண்டும். எனக்குத் தென்னூரில் ஒரு மரவாடியில் வேலை கிடைத்தது. தோட்டக்காரர் வாட்டசாட்டமான ஆள், பேச்சுக்காரர். என் மனைவியைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் நான் அவருக்கு மாப்ளே, அவர் எனக்கு மச்சான்.

வந்த அன்றே என் மனைவி கிணற்றுக்குக் கிழக்கே இடம் பார்த்துச் செடியை வைத்தாள். ஆற்று மணல் கலந்த மண், தண்ணீர் தேங்காது. மேற்கு வெயிலுக்குக் கீற்றுத் தட்டி கட்டினேன். சாணி எரு வைக்க விடவில்லை. அதைப் பார்த்து மச்சான் சிரித்தார்.

"ஏன் மாப்ளே, ஒங்க செடி ஏகாதசி விரதமா?"

"அதுக்கு எரு ஆவாது மச்சான். பட்டினி போட்டாத்தான் பூக்கும்."

"நல்ல செடி. என் மச்சினனையும் இப்படி வளத்திருக்கலாம்."

செடி திருச்சி வெயிலில் திணறியது. முதல் கோடையில் பாதி இலையைக் கொட்டியது. ஆனாலும் பிழைத்து, இரண்டாம் மழைக்கு என் இடுப்புக்கு வந்தது. அந்த ஐப்பசியில் என் மனைவி மறுபடி உண்டாகியிருந்தாள். ஊர் மாற எனக்குக் கால் அரிக்கத் தொடங்கியிருந்ததும் அவளுக்குத் தெரியும். நான் முன்பு கிளீனராக இருந்த லாரியின் டிரைவர் மரவாடிக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். மேட்டூருக்கு அப்பால் காட்டுக்குள் ரோடு போடுகிறார்கள், ஆள் வேண்டும் என்றார். நான் வீட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "இந்தச் செடி பூக்குறதப் பாக்காம நான் எங்கயும் வரமாட்டேன்" என்றாள்.

"பூத்ததுக்கு அப்புறம்?"

"பூத்த செடிய யாராவது விட்டுட்டுப் போவாங்களா?"

"பட்டுப்போச்சுன்னா?"

திரும்பிப் பார்த்தாள். "பட்டுப்போச்சுன்னா ஒங்க இஷ்டம். அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். மார்கழி பிறந்தபோது கிளை நுனிகளில் அரிசி அளவு மொட்டு வைத்தது. தினமும் மொக்குப் பறித்துவிட்டு வந்து அதன் பக்கத்தில் நிற்பாள். வயிற்றில் ஒரு கை, கிளையில் ஒரு கை.

மல்லிகைக்காரர்கள் அந்தக் குளிர் காலத்தில் கவாத்து எடுப்பார்கள். பூவெல்லாம் ஓய்ந்த செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையெல்லாம் உருவி, மொட்டைக் குச்சியாக விடுவார்கள். ஆனால் மாசியில் அத்தனை குச்சியும் துளிர்த்து, பங்குனியில் தோட்டமே வெள்ளையாகிவிடும். ஒரு நாள் நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பினோம். தோட்டம் முழுக்கக் கவாத்து முடிந்திருந்தது. கிணற்றடியில் எங்கள் செடியும் முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக நின்றது. வெட்டிய கிளைகள் மொட்டோடு குவிந்து கிடந்தன.

மச்சான் அரிவாளைத் துடைத்துக்கொண்டே வந்தார். முகத்தில் அத்தனை பெருமை. "நீங்க கவாத்து எடுக்காம வச்சிருந்தீங்களே, கொம்பு கொம்பா நிக்குதுன்னு நானே எடுத்துட்டேன். பங்குனியில பாருங்க தங்கச்சி, சும்மா வெடிக்கும்!"

அவள் உள்ளே போய்விட்டாள்.

"மச்சான், இது இலை இருக்குற பச்சைக் கொம்புல வெட்டினாத்தான் துளிர்க்கும். மொட்டைக் கட்டையில துளிர்க்காது" என்றேன்.

"கவாத்து வாங்காத பூச்செடி ஒலகத்துல உண்டா மாப்ளே? பொறுத்துப் பாருங்க."

பொறுத்துப் பார்த்தோம். தையில் மல்லிகைக் குச்சிகளின் கணுவெல்லாம் பச்சைப் புள்ளி வைத்தது. எங்கள் செடி வைக்கவில்லை. மாசியில் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே பழுப்பு. மச்சான் அந்தப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார். வந்தாலும் வானத்தைப் பார்த்துப் பேசினார்.

ஒரு மாலை வேலையிலிருந்து வந்தேன். துணி காயப்போடும் கயிறு அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தது. ஊர் மாறும்போதெல்லாம் படுக்கையைக் கட்டுகிற கயிறு அது. தகரப் பெட்டி திறந்திருந்தது. அவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாத வயிறு. குனிய முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து வைத்தாள்.

"எதுக்கு இப்ப?"

"லாரி எப்பன்னு சொல்லுங்க. கடைசி நேரத்துல என்னால ஓட முடியாது."

கோபமே இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள், அவ்வளவுதான். நான் கேட்டது கையில் வந்துவிட்டது. மேட்டூருக்கு அப்பால் காடு, ஓலைக் கொட்டகை, டாக்டர் கிடையாது. அதுவரை அந்த வேலையை நினைத்தால் ரோடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அன்று கொட்டகை தெரிந்தது. லாரி வெள்ளிக்கிழமை என்று டிரைவர் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்துவிடலாம் என்று சொல்லவும் வரவில்லை. அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மச்சான் வந்து திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். சுருட்டிய கயிற்றைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார், போட்டார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"நான் திருடிட்டேன்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எங்களைக் கிணற்றுக்குப் பின்னால் அழைத்துப்போனார். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கனகாம்பரம் புதராக மண்டியிருந்தது. அதை விலக்கினார். எங்கள் செடியின் அடிக்கிளை ஒன்று தரையோடு தரையாக அந்தப் பக்கம் வளைந்து போயிருந்தது. நடுவில் அதன் மேல் ஒரு குவியல் மண், மண் மேல் செங்கல். செங்கல்லுக்கு அப்பால் ஒரு முழம் கிளை தலை தூக்கி, பச்சை இலையோடு நின்றது.

"ஆடியில பதியம் போட்டேன். மல்லிகைக்குப் போடுற மாதிரி கொஞ்சம் சீவி வளைச்சு வச்சேன். எனக்கு ஒண்ணு வேணும்னு ஆசை."

"கேட்டா குடுத்திருக்க மாட்டோமா அண்ணே?"

"குடுப்பீங்க. அதான் கேக்கல. கேட்டு வாங்கின செடி எங்க வீட்டுல தங்காது, களவாண்டாத்தான் தழைக்கும்பாங்க எங்கம்மா. அதான் கவாத்து எடுக்குறப்பகூட இத மட்டும் தொடல. நீங்க பெட்டி கட்டிக்கிட்டு இருக்கீங்க, இனிமேயும் சொல்லலன்னா நான் மனுசனா?"

நான் உட்கார்ந்து செங்கல்லை எடுத்தேன். விரலால் மண்ணை மெள்ள விலக்கினேன். சீவிய இடத்தைச் சுற்றி வெள்ளை வேர், நூல் நூலாக, மணலைக் கவ்விப் பிடித்திருந்தது. என் மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள்.

"எங்க வீட்டுக்குள்ள இப்படி ஒரு திருடன் இருந்தது தெரியாம போச்சே."

"நல்ல திருடன் தங்கச்சி. வெட்டினவனும் நான்தான், வச்சவனும் நான்தான்."

மண்ணை மூடிவிட்டு மரவாடிக்கு ஓடினேன். டிரைவரிடம் வரவில்லை என்றேன். "என்னய்யா, பொண்டாட்டி விடலயா?" என்று கேட்டார்.

"செடி பதியத்துல இருக்கு. அசைக்கக் கூடாது" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "செடிய அசைக்கக் கூடாதா, ஒன்னையா?" என்று சிரித்தபடி லாரியில் ஏறினார். அந்த லாரி திரும்புவதை நின்று பார்த்தேன். பின்னால் ஓடி ஏறவேண்டும் என்று தோன்றாத முதல் லாரி அது.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது கயிறு மறுபடி சுவருக்கும் தென்னைக்கும் நடுவில் கட்டியிருந்தது. ஈரச் சேலைகள் ஆடின.

ஆனியில் பெண் குழந்தை பிறந்தது, ஸ்ரீரங்கத்திலேயே, ஆஸ்பத்திரியில். அது தங்கியது. மழை தொடங்கியதும் பதியத்தைத் தாயிடமிருந்து வெட்டி, பட்டுப்போன கட்டையைத் தோண்டிவிட்டுப் பக்கத்திலேயே நட்டோம். அது மெதுவாகத்தான் வளர்ந்தது. அடுத்த தையில் ஒரு கிளை மட்டும் பூத்தது, வெள்ளையில் லேசாக ரோஜா நிறம், நடுவில் கறுத்த பொட்டு. என் மனைவி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அது பூவை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தது.

அந்த ஆடியில் மச்சான் சின்னக் கத்தியும் ஒரு செங்கல்லுமாகக் கிணற்றடிக்கு வந்தார்.

"மாப்ளே, தங்கச்சி, ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

நாங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டோம். பின்னால் மண் பறிக்கும் சத்தம் கேட்டது. இடுப்பில் இருந்த குழந்தை மட்டும் கழுத்தைத் திருப்பி, திருட்டு முழுவதையும் வேடிக்கை பார்த்தது.