நான் மாற்றிச் சொன்ன பதில்

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பித்தான் இசக்கியம்மாள் கழுத்தை நீட்டினாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நயமாகப் பேசுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. கொஞ்சம் இடம் கொடுத்தால் உங்களையும் என் பக்கம் சாய்த்துவிடுவேன். சாய்ந்துவிடாதீர்கள்... கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

என் பெயர் பொன்மணி. தென்காசிக்காரி. இசக்கியின் வீடு மேலகரத்தில். அவள் அப்பா காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டக் கல்லூரியில் எங்கள் இருவரையும் ஒரே பெயர் போலச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். சமரசப் போட்டிக்குக் கல்லூரி அனுப்பிய அணி நாங்கள்.

மாணவர்கள் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வழக்காடும் போட்டியை நீங்கள் அறிந்திருக்கலாம். எங்களுடையது வேறு. ஒரு கற்பனைத் தகராறைக் கொடுப்பார்கள். இரண்டு கல்லூரி அணிகள் எதிரெதிரே அமர்ந்து, நடுவே ஒரு சமரசரை வைத்துக்கொண்டு பேசித் தீர்க்க வேண்டும். பேச்சு முறுக்கிக்கொண்டால் சமரசர் இரு தரப்பையும் தனித்தனி அறைக்கு அனுப்பிவிட்டு, அங்கும் இங்கும் போய்ப் பேசுவார். அணிக்கு இருவர். ஒருத்தி கட்சிக்காரி, மற்றவள் அவளுடைய வக்கீல்.

இசக்கி கட்சிக்காரி. நான் அவளுடைய வக்கீல்.

அவளுடைய வக்கீல்! சொல்லவே நாக்கு கூசுகிறது.

அவள் எப்படிப் பேசுவாள் தெரியுமா? இல்லாத ஒரு பால் பண்ணைக்காக உண்மையாகவே கண் கலங்குவாள். ஒரு சுற்றில் எதிர் அணி, “பரிசீலிக்கிறோம்” என்றது. நான் தலையாட்டிக் குறித்துக்கொண்டேன். இசக்கி விடவில்லை. “பரிசீலிக்கிறதுன்னா சரிங்கறீங்களா, இல்லைங்கறீங்களா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க” என்றாள். அந்தச் சுற்றை நாங்கள் வென்றது அந்த ஒரு கேள்வியால்தான்.

இறுதிச் சுற்று பெங்களூரில். பெயர்களைக் கொடுத்தாகிவிட்டது. இனி ஆளை மாற்ற முடியாது. அந்த நேரம் பார்த்து அவளுக்கு வரன் வந்தது.

மாப்பிள்ளை முருகேசனுக்குச் செங்கோட்டையில் மரக்கடை. அவர்கள் குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் குளிக்க வந்து விடுதியில் தங்கியிருந்தார்கள். பெண்ணை அங்கேயே அழைத்து வந்தால் பேசி முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். இசக்கி விடுதி வரைக்கும் வந்தாள். பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, அதற்கு மேல் ஓர் அடி வைக்க மறுத்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு வக்கீல் தொழிலுக்குப் போகச் சம்மதம் என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் முகம் காட்டுவாளாம்!

அவள் அப்பா வியர்த்துப் போனார். வராந்தாவில் என்னைத் தனியே அழைத்தார்.

“ஏம்மா பொன்மணி, நீங்க ரெண்டு பேரும் படிக்கது இதுதானே? அங்கனயும் இங்கனயும் போயிப் பேசி முடிச்சு வையி. நல்லபடியா முடிஞ்சுட்டுன்னா பெங்களூருக்கு நானே ரயிலேத்தி விடுதேன். இல்லைன்னா படிப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.”

நான் மாப்பிள்ளை வீட்டார் இருந்த அறைக்குள் போனேன். முருகேசனின் அம்மா அருவியில் குளித்துவிட்டு வந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். நான் நயமாகத்தான் கேட்டேன். அவரும் நயமாகத்தான் பதில் சொன்னார்.

“மொதல்ல கல்யாணம் முடியட்டும்மா. வேலைக்குப் போறதெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம். எங்க வீட்டுல பொம்பளையள கோர்ட்டுக்கு அனுப்பிப் பழக்கமில்ல.”

முருகேசன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள். இல்லை என்பதைத் தவிர வேறு ஏதாவது இதில் இருக்கிறதா? எனக்கு விளங்காமல் இல்லை. ஐயோ, நன்றாகவே விளங்கியது!

வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். கம்பியில் யார் யாருடைய ஈரத்துணிகளோ காய்ந்துகொண்டிருந்தன. சாரல் முகத்தில் அடித்தது. அப்போது இசக்கியின் வாழ்க்கையைப் பற்றி நினைத்தேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. நினைக்கவில்லை. பெங்களூர் மேடையை நினைத்தேன். அவள் இல்லாமல் அந்த மேடையில் எனக்கு இடமில்லை என்பதை நினைத்தேன். அவ்வளவுதான்... அது மட்டும்தான்.

அவள் இருந்த அறைக்குள் போனேன்.

“என்னட்டி சொன்னாங்க?”

“சரின்னுட்டாங்க. கல்யாணம் முடிஞ்ச பொறவு கோர்ட்டுக்குப் போலாமாம்.”

“அவங்க வாயால சொன்னாங்களா?”

“ஆமாட்டி. அத்தையே சொன்னாங்க.”

எதிர் அணியின் மழுப்பலை ஒரே கேள்வியில் உடைத்தவள், என்னிடம் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? நான் அவளுடைய வக்கீல் அல்லவா! என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனாள்.

பெங்களூரில் நாங்கள் வென்றோம்.

பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்கு மாதக்கணக்கில் இடம் இருந்தது. பரீட்சைக்கு ஒன்றாகப் படித்தோம், முகூர்த்தப் புடவை எடுக்க ஒன்றாகப் போனோம். இன்று வேண்டாம், பரீட்சை முடியட்டும். இன்று வேண்டாம், அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்... ஒருவேளை அவர்கள் மனம் மாறி அனுப்பியும் விடலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் போட்டியில் மட்டும் நான் யாரிடமும் தோற்றதில்லை.

அவர்கள் அனுப்பவில்லை.

வக்கீலாகப் பதிவு செய்ய வேண்டும் என்று இசக்கி கேட்டபோது, “அப்படி யாரு சொன்னா?” என்றார் மாமியார். “நீங்கதான் சொன்னீங்க” என்றாள் இவள். அங்கிருந்து தொடங்கியது. இவளுக்கு அவர்கள் சொல் மாறிகள். அவர்களுக்கு இவள் பொய்க்காரி. இரண்டு பக்கமும் நியாயம் தங்களுடையது என்று உண்மையாகவே நம்பினார்கள். அதனால் யாரும் இறங்கி வரவில்லை. கடைசியில் ஒருநாள் இசக்கி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலகரத்துக்கு வந்துவிட்டாள்.

அப்போது நான் தென்காசி கோர்ட்டில் தொழில் செய்துகொண்டிருந்தேன். ஒரு கல்லூரியின் சமரசப் போட்டி அணிக்குப் பயிற்சியும் கொடுத்து வந்தேன். இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு பக்கமாக யோசித்து ஒரே பெயரைச் சொன்னார்கள். பொன்மணியைக் கூப்பிடுங்கள், இரண்டு அறையிலும் இருந்தவள் அவள் ஒருத்திதானே!

போகாமல் இருக்க முடியுமா? என்ன காரணம் சொல்வேன்?

மேலகரத்து வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

“நீயே சொல்லும்மா” என்றார் மாமியார். “கோர்ட்டுக்கு அனுப்புதோம்னு நான் அன்னைக்குச் சொன்னேனா?”

“சொல்லு பொன்னு” என்றாள் இசக்கி. மெலிந்திருந்தாள். ஆனால் அந்தப் பழைய நிமிர்வு அப்படியே இருந்தது. “எனக்கு நீ ஒருத்திதான் சாட்சி.”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்! அவள் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் என்னை நம்பி வருகிற ஆட்கள், என் மாணவர்கள், என் பெயர்... எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் வந்து நின்றன. வாயிலிருந்து வந்ததோ வேறு. பதமான, பயிற்சி பெற்ற குரல்.

“ரெண்டு பேருமே பொய் சொல்லல. ‘அப்புறம் பாத்துக்கிடலாம்’னுதான் அத்தை சொன்னாங்க. நானும் அதைத்தான் வந்து சொன்னேன். இசக்கி அதைச் சரின்னு எடுத்துக்கிட்டா. அன்னைக்கு இருந்த படபடப்பு அப்படி. யாரு மேலயும் தப்பு இல்ல.”

பார்த்தீர்களா? மாமியாருக்கு உண்மையைக் கொடுத்தேன். என் பொய்யைத் தூக்கி இசக்கியின் காதில் வைத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கேட்பாள் என்று காத்திருந்தேன். ‘அவங்க வாயால சொன்னாங்களான்னு கேட்டேனே, நீ ஆமான்னியே’... இதோ, இப்போது கேட்டுவிடுவாள். கேட்கட்டும். கேட்டுத் தொலைத்தால் எனக்கும் விடுதலை!

அவள் உதடு அசைந்தது. பிறகு அந்தத் தலை, ஒருவரிடமும் குனியாத அந்தத் தலை, மெல்லக் குனிந்தது.

“அப்போ நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டிருக்கேன் போல. பொன்னு எங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லப் போறா?”

எழுந்து மாமியாரின் முன்னால் போய் நின்றாள். “மன்னிச்சிருங்க அத்தை. உங்களைப் பொய்க்காரின்னுட்டேன்.” அந்த அம்மாள் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதார். கெட்டவர் இல்லை அவர். அதுவும் எனக்குத் தெரியும்.

அவள் அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீ நல்லா இருக்கணும் தாயி.”

அன்று மாலையே இசக்கி செங்கோட்டைக்குத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு சண்டை இல்லை, கோர்ட் பேச்சும் இல்லை. அந்தச் சமாதானத்தின் புகழ் ஆய்க்குடி வரைக்கும் போனது. அண்ணன் தம்பித் தகராறா, புருஷன் பெண்டாட்டித் தகராறா, என்னைத் தேடி வருகிறார்கள். மறுத்தால் தன்னடக்கம் என்கிறார்கள்.

என் மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் விதி, ஓர் அறையில் கேட்டதை மற்ற அறையில் ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்ல வேண்டும் என்பதுதான். போன வாரம் ஒரு மாணவி எழுந்து, “மாத்திச் சொல்லிட்டா எப்படி மேடம் கண்டுபிடிப்பாங்க?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது.

“கண்டுபிடிக்க முடியாது” என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

இன்று போய்ச் சொல்லிவிடு என்கிறீர்களா? சொன்னால் என்ன மிஞ்சும் அவளுக்கு? செய்யாத தப்புக்குத் தலை குனிந்தோம் என்பதும், நம்பிய ஒருத்தியே ஏமாற்றினாள் என்பதும்... இல்லை, இதுவும் நயமான பேச்சுதான். எனக்குப் பயம். அதுதான் உண்மை.

நேற்று இசக்கி கூப்பிட்டாள். வழக்கம்போல் சாப்பாடு, மழை, மரக்கடை என்று ஏதேதோ பேசினாள். பிறகு குரல் தாழ்ந்தது.

“பொன்னு, ஒண்ணு கேக்கட்டா? சிரிக்கக் கூடாது. பெங்களூருல நான் நெசமாவே நல்லாப் பேசினேனா? இல்ல, நானா அப்படி நெனச்சுக்கிட்டு இருக்கேனா? இப்பல்லாம் எனக்கு ஒண்ணும் நிச்சயமாத் தெரியல.”

“நல்லாப் பேசினட்டி. உன்னாலதான் ஜெயிச்சோம்.”

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள் இசக்கி.