பட்டன் டயரின் இரைச்சல்

தி.நகர் ஜவுளிக்கடையில் வேட்டி விற்கும் கதிரேசனின் பைக்குக்கு இரண்டு ஜோடி டயர். வாரம் முழுக்க ரோடு டயர். ஞாயிற்றுக்கிழமை வண்டலூர் தாண்டிச் சேற்றில் ஓட்ட, கட்டி கட்டியாய்ப் புடைத்த பட்டன் டயர். ஞாயிறு மாலையே மேற்கு மாம்பலம் சந்தில் உட்கார்ந்து அதைக் கழற்றிவிடுவான்.

இந்த ஞாயிறு மட்டும், அஞ்சு நிமிஷம் என்று படுத்தவன் திங்கட்கிழமைதான் எழுந்தான்.

அன்று சாயங்காலம் பார்த்துத்தான் புடவை செக்ஷன் ஷண்முகப்ரியா மயிலாப்பூரில் இறக்கிவிடச் சொன்னாள். ஆறு மாதமாக அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, முதுகைக் காட்டியாவது சொல்லிவிட நினைத்தான்.

தார் ரோட்டில் பட்டன் டயர் மாவு மில் மாதிரி இரைந்தது.

"ப்ரியா, உன்ன எனக்கு..."

"இன்னா? ஒண்ணும் கேக்கல!"

"உன்ன எனக்குப் புடிச்சிருக்கு!"

"கேக்கல கதிரு!"

மூச்சை இழுத்துப் பிடித்து, "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?" என்று அலறினான். அதற்குள் லஸ் சிக்னலில் வண்டி நின்றிருந்தது. நின்ற வண்டியில் டயர் இரையாது என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

சிக்னலே திரும்பிப் பார்த்தது. பக்கத்து ஆட்டோக்காரர், "எனுக்கு ஆயிடுச்சி நைனா, அந்தப் பொண்ணக் கேளு," என்றார்.

பச்சை விழுந்ததும் பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு.

"மொதல்ல டயர மாத்து. நாளைக்கு வர்றப்போ பதில் சொல்றேன். உனக்குக் கேக்கணும்ல?"

வழக்கமாக இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலை. அன்று அரைமணியில் முடிந்தது.