நான் போட்ட ‘வெரி குட்’

பச்சை அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. அதில் ஒரு பக்கத்தில் ஐந்து ஆங்கில வாக்கியங்கள், ஐந்துக்கும் சிவப்பு டிக், கீழே ‘வெரி குட்’, அதற்கும் கீழே என் சுருக்கக் கையெழுத்து. எட்டாம் வகுப்பில் என்னிடம் ஆங்கிலம் படித்த பெண் ஒருத்தி, தன் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி அந்தப் பக்கத்தில் எனக்கு எழுதியிருந்தாள். நான் அதற்கு டிக் போட்டேன்.

ஏற்காட்டுப் பள்ளியில் அப்போது எனக்கு ஆறாவது வருடம். செமிகோலன், அதாவது அரைப்புள்ளி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் படாதபாடு படுத்தும் பாடம். கமா வரும் இடத்திலெல்லாம் அதைப் போட்டுவிடுவார்கள். ‘அண்ட்’டுக்கு முன்னாலும் ஒன்றைக் குத்தி வைப்பார்கள். “காபி பூத்துவிட்டது; தேனீக்கள் வந்துவிட்டன” என்று ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். இந்தப் பக்கமும் முழு வாக்கியம், அந்தப் பக்கமும் முழு வாக்கியம், இரண்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும், அப்போதுதான் நடுவில் செமிகோலன் என்று தொண்டை வற்றச் சொன்னேன். வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் யாரும் குறி போடக் கூடாது என்பது என் சட்டம். பிறகு, அவரவர் வீட்டைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னேன்.

அந்தப் பெண் தலைச்சோலையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அம்மா எஸ்டேட்டில் காபி பறிப்பவர். வகுப்பில் வாயே திறக்காதவள், அன்று மட்டும் கை தூக்கினாள். “ஊட்டப் பத்தி எது வேணாலும் எழுதலாமுங்களா, மிஸ்?”

“எது வேணாலும் எழுது, கண்ணு. செமிகோலன் சரியா இருந்தாப் போதும்,” என்றேன். வகுப்பு சிரித்தது.

அந்த வாரம் நோட்டுகள் திருத்தப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஆள் வருவதாகப் பேச்சு. நாலரை பஸ்ஸை விட்டால் சேலத்துக்கு நான் வீடு திரும்ப இருட்டிவிடும். ஓய்வாகக் கிடைக்கும் ஒரே பீரியடில் நாற்பது நோட்டையும் முடிக்க ஒரு வழி வைத்திருந்தேன். வாக்கியத்தைப் படிக்க மாட்டேன். கண் நேராகக் குறிக்குப் போகும். இரண்டு பக்கமும் ஒரு எழுவாய், ஒரு வினை தென்பட்டால் டிக். இந்த வேகத்தைப் பற்றிச் சக ஆசிரியைகளிடம் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். அவள் நோட்டில் ஐந்து குறிகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அவள் அம்மா, பள்ளியில் கொடுத்த புத்தகங்களை ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

“எம் பொறந்தவனுக்கே குடுத்துட்டமுங்க, மிஸ். குப்பனூர்ல, கோயில்ல முடிஞ்சுதுங்க. பொஸ்தகமெல்லாம் வேற புள்ளைக்கு ஆகட்டுமுங்க.”

பதின்மூன்று வயது. அம்மா பையிலிருந்து அந்தப் பச்சை நோட்டை எடுத்து விரித்தார். “போறதுக்கு மின்னால இந்தச் செவப்பு எழுத்தையே எடுத்து எடுத்துப் பாத்துட்டு இருந்துச்சுங்க. என்னங்க போட்டிருக்கீங்க?”

அப்போதுதான் படித்தேன். நான்காவது வாக்கியம்: ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறார்; எனக்கும் அவருக்கும் கல்யாணம் செய்யப்போகிறார்கள். ஐந்தாவது: எனக்கு இது வேண்டாம்; மிஸ், தயவுசெய்து யாரிடமாவது சொல்லுங்கள். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில், நான் மட்டுமே திறக்கும் நோட்டில் எழுதியிருக்கிறாள். நான் திருத்தியது வியாழக்கிழமை. இடையில் முழுசாக இரண்டு நாள் இருந்தன. ஒரு போன் போதும்.

அதைத் தமிழில் சொன்னபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டார். “எங்கிட்டயும் சொல்லுச்சுங்க. நொம்ப அழுதுச்சு. புள்ளைக அப்படித்தான் சொல்லுமுன்னு உட்டுட்டேன்,” என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனாலும் கோபித்துக்கொண்டேன்.

அன்றே தலைமையாசிரியையிடம் ஓடினேன். அதிகாரிகள் போய் அவளை மீட்டுவந்து சேலத்தில் ஒரு விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். பள்ளி விழாவில் ஒருவர் என்னை விழிப்பான ஆசிரியை என்று மேடையில் புகழ்ந்தார். கைதட்டினார்கள். நானும் எழுந்து கும்பிட்டேன். நோட்டைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்று வரை அது என் அலமாரியில்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் வரி வரியாகப் படிக்கிறேன். நாய் குட்டி போட்டதும் சித்தப்பா பஸ்ஸைத் தவறவிட்டதும் எனக்குத் தெரியும். அதனால் மனம் ஆறிவிடவில்லை. அவள் பிளஸ் டூவுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் பார்க்கப் போனேன். உயரமாகியிருந்தாள். எனக்கு நாற்காலி போட்டு, தான் நின்றுகொண்டே பேசினாள்.

“நீங்க படிச்சுப் பாத்துட்டுத்தான் நல்லதுன்னு எழுதிட்டீங்கன்னு நெனச்சேனுங்க, மிஸ். மிஸ்ஸே சொல்லிட்டாங்களேன்னுதான் அழுவாமப் போனேன்,” என்றாள். கோபமே இல்லை. இத்தனை வருடம் அவள் மனதில், அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்ன ஆள் நான். அதைவிட உண்மை அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பினேன்.

“நான் படிக்கவே இல்ல, சாமி. குறிய மட்டும் பாத்து டிக் போட்டேன்.”



“அஞ்சுல ஒண்ணுகூடப் படிக்கலீங்களா, மிஸ்?” என்று கேட்டாள்.