ஏரிக்கரைக் காட்டில் ஒரு கட்டிச் சூடம்

மார்ச் 16, ஞாயிறு, காலை எட்டு நாற்பது. நுவரெலியாவில் தூறல்... குடையை விரித்தால் நிற்கும், மடக்கினால் பெய்யும் ரகம்.

மகள் இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஏழாம் மாதம். போன தடவை பிள்ளை தங்கவில்லை. அதனால் எழுந்து நடக்கவே விடுவதில்லை. பார்க்கப் பன்னிரண்டு மணிக்குத்தான் விடுவார்கள். தலவாக்கலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டு அதுவரை என்ன செய்வது? ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் காட்டுப் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்தோம், வாத்தியாரான நானும் மனைவி சிவகாமியும்.

வாசல் பலகையில் ஒன்பது தடைகள். நான்காவது — நெருப்பு.

பாசி பிடித்த பெரிய மரமொன்றின் கீழ் சிவகாமி நின்றாள். செருப்பைக் கழற்றினாள். ஒரு கல்லை நிமிர்த்தி வைத்தாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தே காலம் கழித்தவள்; புது மலையில் ஏறுமுன் மரத்தடிக் கல்லுக்குச் சூடம் காட்டிப் பழகியவள். மடியிலிருந்து சூடமும் வந்தது, தீப்பெட்டியும் வந்தது.

"இது தோட்டமில்ல சிவகாமி. அரசாங்கக் காடு."

"அரசாங்கக் காட்டுல சாமி இருக்காதாங்க?"

"புடிச்சா அபராதம்."

"வாத்தியாரு, நீங்க அங்கிட்டு போய் குருவி பாருங்க. புள்ளைக்காகக் கேக்குறேன்."

பெட்டியில் ஏழு குச்சிகள். ஈரத்தில் ஆறு வீணாயின. ஏழாவதை எடுக்கும்போது பின்னால் பூட்ஸ் சத்தம். பூங்காக் காவலர்!

"அம்மா, உள்ளுக்கு நெருப்பு வேணாம்." சிங்களவர், தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

சிவகாமி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மகளைப் பற்றிச் சொன்னாள். பாதியில் சிங்களம் தீர்ந்து, மிச்சத்தைத் தமிழிலேயே சொல்லி முடித்தாள்.

அவர் குனிந்து சூடத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். "வாங்க" என்று முன்னால் நடந்தார். அபராதம் எழுதத்தான் என்று நினைத்தேன்.

வாசலைத் தாண்டி, ரோட்டோரம் ஒரு கல்லைக் காட்டினார். "இங்க பத்தவைக்கலாம்."

ஏழாவது குச்சியும் நமுத்துப் போனது. அவரே லைட்டரை நீட்டினார். தூறல் வலுக்க, தன் குடையை எங்கள் தலைக்கல்ல, சூடத்துக்குப் பிடித்தார். அது எரிந்து முடியும்வரை நனைந்துகொண்டே நின்றார்.

பன்னிரண்டு மணிக்கு மகள் கேட்டாள், "காட்டுல என்னம்மா பார்த்தீங்க?"

"ஒரு நல்ல மனுசன" என்றாள் சிவகாமி.

பஸ், டிக்கெட், தேநீர், சூடம், தீப்பெட்டி எல்லாம் சேர்த்து அன்றைய செலவு ஆயிரத்து நாற்பது ரூபாய். அபராதம், பூஜ்யம்.