மெல்லிய சுவர் உள்ள ஹோட்டல்

சென்னையின் பழைய ஹோட்டல்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அப்புறம் என் வாயை மூட முடியாது. ஒன்றில்கூடத் தங்கியதில்லை என்பது வேறு விஷயம். எந்த ஹோட்டலில் வெள்ளைக்காரன் காலத்து மரப்படி இன்னும் இருக்கிறது, எதில் மின்விசிறி நீளக் கம்பியில் தொங்குகிறது, எதில் வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைத்துக் கெடுத்துவிட்டார்கள், எல்லாம் போனில் பார்த்துப் பார்த்து மனப்பாடம். அதனால், கல்யாண நாளுக்கு மாமாவும் தானும் சென்னையில் தங்க ஒரு நல்ல இடம் பார்த்துச் சொல்லும்படி அக்கா கூப்பிட்டபோது, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஓடி ஏறினேன்.

அக்கா வீடு அம்மா மண்டபம் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடியில். மாமா டைல்ஸ் கடைக்குப் போயிருந்தார். அவள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இதப் பாருக்கா. அந்தக் காலத்துக் கட்டடம். சுவர் எவ்ளோ கனம் தெரியுமா? இந்த ரூம்ல தவில் அடிச்சாலும் அடுத்த ரூமுக்குக் கேக்காது!"

அவள் கை நின்றது. "அது வேணாம்டி."

"ஏன்? எவ்ளோ அழகா இருக்கு!"

"சுவர் மெல்லிசா இருக்குற இடமாப் பாரு."

சிரித்துவிட்டேன். "பக்கத்து ரூம்காரன் குறட்டை கேக்கணுமா உனக்கு?"

"அவனுக்குக் கேக்கணும். நான் கத்துனா."

பிறகு அவள் சொன்னதெல்லாம் பூவை ஆய்ந்தபடியே, தலையைத் தூக்காமல் சொன்னது. எதையும் மாமா அவளைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வாராம். உன் இஷ்டம், உன் இஷ்டம் என்பாராம். ஜன்னலுக்குப் பச்சைத் திரை எடுத்தாள். அந்தத் திரையோடு அவள் தலைமுடியையும் சேர்த்துப் பிடித்து, தலையை ஜன்னல் கம்பியில் மோதினார். துறையூரில் அவர்கள் சொந்தக்காரர் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு புடவை எடுத்தாள். திரும்பி வந்ததும் காதோடு சேர்த்து ஓர் அறை. அன்றிலிருந்து இடது காதில் வண்டு சுற்றுகிற மாதிரி ஓயாத சத்தம்.

"இங்க கீழ் வீட்டுக்குக் கேக்கும்னு டிவிய சத்தமா வெச்சுட்டு, என் வாயப் பொத்திக்கிட்டுத்தான் அடிப்பாரு. பொத்துறதுக்கு ஒரு கை போயிடுதுல்ல, அடி கொஞ்சம் கொறையும். அங்க ரெண்டு கையும் சும்மாதானே இருக்கும்?" என்றாள். "பழைய ஹோட்டலாப் பாக்கச் சொன்னதே அவருதான். உன் தங்கச்சிக்குத்தான் எல்லாம் அத்துப்படியாமே, அவளையே கேளுன்னாரு."

"போகாதே. நம்ம வீட்டுக்கு வந்துடு."

"அப்பாகிட்டச் சொன்னேனே. ரெண்டு நாள் தனியா எங்கயாவது போயிட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்னாரு."

நேராகக் காந்தி மார்க்கெட்டில் அப்பாவின் வாழை மண்டிக்குப் போனேன். தொட்டியத்து லோடு இறங்கிக்கொண்டிருந்தது. வாழைத்தார்களுக்கு நடுவில் நின்ற அப்பாவிடம், சுமைக்காரர்கள் காதுபட, "அக்காவ அவரு கொன்னுடுவாரு, அப்புறம் ஒப்பாரி வெக்காதீங்க" என்றேன். அறை எந்தப் பக்கமிருந்து வந்தது என்றே தெரியவில்லை. உதடு பல்லில் குத்திக் கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது.

"மார்க்கெட்ல நின்னு குடும்ப மானத்த ஏலம் விடுறியா? புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். வூட்டுக்குப் போடி!"

அவரைத் திருப்பி அடிக்க முடியாத ஆத்திரத்தில், காலடியில் கிடந்த பூவன் தார் ஒன்றை மிதித்தேன். பழம் பிதுங்கி வழிந்து, செருப்பு வழுக்குகிற வரை மிதித்தேன். ஒருவரும் தடுக்கவில்லை.

அன்று மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்து, அதுவரை காதலோடு பார்த்த ஹோட்டல்களையெல்லாம் விரோதியைப் போலப் பார்த்தேன். கனத்த சுவரா, தள்ளு. தோட்டத்து நடுவில் தனிக் குடிலா, தள்ளவே தள்ளு. ஓரிடத்தில் போனை எடுத்தவரிடம், "சார், பக்கத்து ரூம் சத்தம் கேக்குமா?" என்று கேட்டேன். "சத்தியமா கேக்காது மேடம், நிம்மதியா தூங்கலாம்!" என்றார் பாவம். வைத்துவிட்டேன். பிறகுதான் புத்தி வந்தது. ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டியவர்களின் விமர்சனங்களை மட்டும் படிக்க ஆரம்பித்தேன். புதிதாகக் கட்டிய ஒரு ஹோட்டல் அகப்பட்டது. பித்தளை விளக்கு, வளைந்த சோபா, சிவப்புப் பூப்போட்ட தரை, பார்க்க ஒரே ஸ்டைல். ஆனால் அறைக்கு அறை பலகைத் தடுப்பாம். அடுத்த அறையில் பல் தேய்ப்பதுகூடக் கேட்கிறதென்று ஒருவர் பொரிந்து தள்ளியிருந்தார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்காவுக்கு ஓர் அறை, ஒட்டினாற்போல் எனக்கு ஓர் அறை என்று தீர்மானித்தேன்.

மறுநாள் அதைக் காட்டப் போனபோது மாமா வீட்டில் இருந்தார்.

"வாங்க, ஹோட்டல் எக்ஸ்பர்ட்டு! எதைப் புடிச்சீங்க?" என்று என் கையிலிருந்து போனை வாங்கினார். படங்களைத் தள்ளிக்கொண்டே போனவர் விமர்சனங்களில் நின்றார். நிதானமாகப் படித்தார். அக்கா பக்கம் திரும்பினார்.

"பலகைத் தடுப்பாம். இதையா எடுத்தே?"

"நாந்தான் எடுக்கச் சொன்னேன்" என்று குறுக்கே விழுந்தேன்.

"உங்களக் கேக்கல."

"நாந்தான் எடுத்தேன்" என்றாள் அக்கா.

அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அத்தனையும் பழகிப்போன வேலையின் நிதானத்தோடு. அப்புறம் என் போனின் விளிம்பாலேயே அவள் கன்னத்தில் அடித்தார். நான் மேஜையிலிருந்த எவர்சில்வர் ஜக்கை எடுத்து அவர் பிடரியில் ஓங்கி இறக்கினேன். தண்ணீர் சிதறியது. ஒரே தள்ளு. முதுகு ஃபிரிட்ஜில் மோதி, மூச்சு வராமல் கீழே உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தேன், அவருடைய இடது கை அவள் வாயைப் பொத்துவதை.

அக்கா கடித்தாள்.

கடித்து விட்டுவிடவில்லை. அவர் குத்தினார், உதறினார், அவளைத் தரதரவென்று இழுத்தார். அவள் தாடை மட்டும் திறக்கவில்லை. அந்த வீட்டில் முதல்முறையாக அவருடைய அலறல் டிவியைத் தாண்டிக் கேட்டது. அவர் முழங்கால் மடங்கி உட்கார்ந்த பிறகுதான் விட்டாள். போய் வாசல் கதவை விரியத் திறந்தாள்.

கீழ் வீட்டு மாமியும் அவர் வீட்டுக்காரரும் மாடிப்படியில் நின்றிருந்தார்கள். அப்போதுதான் ஏறி வந்தவர்கள் மாதிரி இல்லை.

மாமா கையைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தார். "ஒண்ணுமில்ல சார். மெட்ராஸ்ல எந்த ஹோட்டல்ல தங்குறதுன்னு சின்னதா ஒரு..."

"ரெண்டு வருஷமாவா?" என்றார் மாமி.

"நீ சும்மா இரு" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்குக் கேட்டுதா மாமி? எல்லாமே கேட்டுதா?" என்றாள் அக்கா.

"கேட்டுதும்மா. பெருமாளே, பெருமாளேன்னு படுத்துண்டிருப்பேன். அடுத்தவா ஆத்து விஷயம்னு இவர்தான்..."

அக்கா வாயிலிருந்த ரத்தத்தைப் படியிலேயே துப்பினாள். அவர்கள் விலகி வழிவிட்டார்கள். அக்கா பையெடுக்கவில்லை, செருப்புப் போடவில்லை, அப்படியே படியிறங்கினாள். நான் கீறல் விழுந்த போனைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியதும் என் போனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டாள். "நான் வரேன். ஆமா, மொத்தமா. ஊர் என்ன வேணா பேசட்டும்" என்றாள். அந்தப் பக்கம் அப்பாவின் சத்தம் எனக்கே கேட்டது. அவர் கத்தி முடியும்வரை காத்திருந்தாள்.

"கதவச் சாத்திப் பாருங்க. ஒடச்சுட்டு வருவேன்."