சீர்வரிசைக் கம்ப்யூட்டர்

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பைக் கேட்கவில்லை, கம்ப்யூட்டர் கேட்டார்கள். இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் அது. மாப்பிள்ளைக்கு வேலூரில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. பைக் ஏற்கெனவே இருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே அவருடைய அப்பா சொன்னார்.

"பையன் வீட்லயும் வேலை பாக்கணும்னு ஆசைப்படறான். ஒரு கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்துடுங்க சம்மந்தி. வேற எதுவும் நாங்க ஜாஸ்தியா கேக்கல."

அப்பா உடனே தலையாட்டினார். எங்கள் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் கடைநிலை உதவியாளர். ஃபைல் கட்டுகளை மாடிக்கும் கீழுக்கும் தூக்கிப் போகிற வேலை. கம்ப்யூட்டர் என்பது அவரைப் பொறுத்தவரை அதிகாரியின் அறையில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் ஒரு சாமான். ஆனாலும் அன்று அவருக்கு ஒரு பெருமை வந்துவிட்டது.

"எங்க பாப்பாவே பாத்து வாங்கிடும். அதுல அதுக்குத் தெரியாதது எதுவும் கெடையாது" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் மூன்று வருடமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் கல்லூரிப் பெண்கள், சாயங்காலம் வேலைக்குப் போகிறவர்கள். மத்தியானம் இரண்டு மணி நேரம் யாரும் வர மாட்டார்கள். அந்த நேரத்தில் நான் கேம்ஸ் விளையாடுவேன். முதலில் கார் ரேஸ். பிறகு துப்பாக்கியோடு இருட்டுக் கட்டடங்களுக்குள் நுழைந்து போகிற விளையாட்டு. சென்டரில் இருந்தவை பழைய மெஷின்கள். புதிதாக ஏதாவது போட்டால் படம் திக்கித் திக்கி நகரும். சுவர் ஒரு பக்கம் வந்துவிடும், ஆள் இன்னொரு பக்கம் நிற்பான். ஏன் அப்படி ஆகிறது என்று பார்க்கப்போய்த்தான் மெஷினைத் திறக்கக் கற்றுக்கொண்டேன். எந்தப் பாகம் எதற்கு என்பதெல்லாம் கையால் கழற்றி மாட்டித் தெரிந்துகொண்டதுதான்.

என் சம்பளம் வீட்டுக்கே சரியாகப் போனது. எனக்கென்று ஒரு மெஷின் வாங்குவதை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. இப்போது அப்பா முப்பதாயிரம் ரூபாய் ஒதுக்கி, நீயே பார் என்கிறார். அது என்னோடுதான் வரப்போகிறது, நான் இருக்கப்போகும் வீட்டில்தான் இருக்கும். அப்படியானால் அது எனக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் தப்பு ஆரம்பித்தது.

இரண்டு வாரம் ஒரு காகிதத்தில் எழுதி எழுதி அடித்தேன். கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று உண்டு. கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் அது தேவையே இல்லை. விளையாட்டுப் படங்கள் தடங்கலில்லாமல் ஓடத்தான் அது வேண்டும். அதைச் சொருக மதர்போர்டில் தனியாக ஓர் இடம் இருக்க வேண்டும். மலிவான போர்டுகளில் அது இருக்காது. ஆக, போர்டின் விலை ஏறியது. எங்கள் ஊரில் ஏறி இறங்கும் கரெண்ட்டுக்கு மட்டமான பவர் சப்ளை போட்டால் ஒரே மாதத்தில் எல்லாம் புகைந்துவிடும், அதில் குறைக்க முடியாது. புராசசரை ஒரு படி கீழே இறக்கினேன். ஹார்ட் டிஸ்கைப் பாதியாக்கினேன். அப்போதும் இடித்தது. கடைசியில் மிச்சம் இருந்தது மானிட்டர். பதினேழு இஞ்ச் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதினேன். கணக்கு சரியாக வந்தது.

அப்பாவும் நானும் விடியற்காலை பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனோம். ரிச்சி தெருவில் கடைக்காரர் என் காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வீட்டு யூஸுக்குத்தானேம்மா? இந்தக் கார்டு எதுக்கு? அந்தக் காசுல பெரிய மானிட்டரா எடுத்துக்குங்க. வீட்டுக்கு வர்றவங்க கண்ணுக்கு அதுதான் தெரியும்."

"இல்லண்ணா. எழுதினபடியே போடுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "அவரு பெருசா எடுக்கச் சொல்றாரே பாப்பா?"

"இதுவே போதும்ப்பா. பெருசு கரெண்ட் ஜாஸ்தி இழுக்கும்."

அப்பா தலையாட்டிவிட்டுச் சட்டையின் உள்பையில் கைவிட்டுப் பணத்தை எடுத்தார். நான் சொன்னது உண்மையான காரணம் இல்லை என்று அந்தக் கடையில் என்னைத் தவிரக் கடைக்காரருக்கும் தெரியும். அவர் பில் போட்டார்.

திரும்பி வந்த நாள் பௌர்ணமி. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ கிடைக்கவில்லை. அப்பா மானிட்டர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டார், நான் மற்ற பாகங்கள் அடங்கிய கேபினட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். செருப்பில்லாமல் கிரிவலம் போகிற கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தோம். "வழி விடுங்க, வழி விடுங்க, கண்ணாடி சாமான்" என்று அப்பா கூவிக்கொண்டே போனார்.

கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. கூடத்து மூலையில் எல்லாவற்றையும் நானே மாட்டி ஓடவிட்டேன். பகலில் வீட்டில் யாரும் இல்லாதபோது விளையாடினேன். படம் எங்கும் திக்கவில்லை. மழைக் காட்சியில் ஒவ்வொரு துளியும் தனியாகத் தெரிந்தது. அந்தப் பதினெட்டு நாள்தான் அந்த மெஷின் என்னுடையதாக இருந்தது.

மண்டபத்தில் சீர்வரிசைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு அதை வைத்தார்கள். அம்மா மானிட்டரின் மேல் மஞ்சள் குங்குமம் வைத்துப் பூச்சரம் சுற்றியிருந்தாள். மாப்பிள்ளையின் அக்கா வந்து பார்த்தாள். கையை விரித்துக் கண்ணாடியின் மேல் ஒரு முறை அளந்தாள்.

"இன்னா இவ்ளோ சின்னதா இருக்குது? எங்க எதிர் வீட்டுல இதவிடப் பெருசு வெச்சிருக்காங்க."

மாமனார் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் பந்திக்குப் போகிற வழியில்தான். நான் மணவறைக்குப் பக்கத்து அறையில் இருந்தேன், கதவு திறந்திருந்தது.

"கம்ப்யூட்டர் ஒண்ணுதான் கேட்டோம் சம்மந்தி. அதுலயும் கம்மி பண்ணிட்டீங்களே."

அப்பாவின் இரண்டு கைகளும் தாமாகவே மார்பின் குறுக்கே போயின. அலுவலகத்தில் அதிகாரி கூப்பிட்டால் அவர் அப்படித்தான் நிற்பார். "தெரியாம நடந்துபோச்சுங்க. ஒரு மாசத்துல மாத்திக் குடுத்துடறேன்" என்றார்.

நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் குறைக்கவில்லை, நான்தான் குறைத்தேன், அந்தக் காசு கேபினட்டுக்குள்ளே கார்டாக இருக்கிறது என்று. என் கழுத்தில் மாலை இருந்தது.

சொன்னபடி அடுத்த மாதமே அப்பா சென்னைக்குத் தனியாகப் போய்ப் பதினேழு இஞ்ச் மானிட்டர் வாங்கிக்கொண்டு நேராக வேலூர் வந்தார். அந்தக் காலத்து மானிட்டர், பின்னால் பெரிய கூடு உள்ளது, நெல் மூட்டை போலக் கனக்கும். பஸ் படியிலிருந்து அதை இறக்கும்போது அவருடைய இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியவர் நிமிராமலேயே உள்ளே வந்தார். மாமனாரும் என் வீட்டுக்காரரும் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, "இப்ப சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

அந்த வலி பிறகு அவரை விடவே இல்லை. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ஃபைல் தூக்க முடியாததால் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று அம்மா போனில் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆபீசிலிருந்து வந்ததும் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுவார், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பர் வந்தபோது, கார் ரேஸ் ஓடுமா என்று பேச்சு வந்தது. நான் போட்டுக்காட்டினேன். முதலில் நண்பர் ஓட்டினார், பிறகு இவர், பிறகு நான். நான் இருவரையும் வெகுதூரம் தாண்டிப் போய்விட்டேன். "டேய், சிஸ்டர் கிட்ட நீ கத்துக்கணும்டா" என்று நண்பர் சிரித்தார். இவரும் சிரித்தார். மறுநாள் நான் கம்ப்யூட்டரைப் போட்டபோது பாஸ்வேர்டு கேட்டது.

அவரிடம் கேட்டேன். "உனக்கு எதுக்கு அது? பகல்ல வேலை இல்லையா?" என்றார்.

நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் கேபினட்டைத் திறந்து, மதர்போர்டில் நாணயம் போல உட்கார்ந்திருக்கும் பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் கழித்து மாட்டினேன். பாஸ்வேர்டு போய்விட்டது. ஆனால் கடிகாரமும் தேதியும்கூட மாறிப்போகும் என்பதை மறந்துவிட்டேன். சாயங்காலம் அவர் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். சத்தம் போடவில்லை. தெருமுனை பூத்துக்குப் போய் எங்கள் அப்பாவுக்குப் போன் செய்தார்.

மறுநாள் காலை அப்பா வந்து நின்றார், இடுப்பு பெல்ட்டோடு மூன்று மணி நேரம் பஸ்ஸில். மாமியார் அவருக்கு நாற்காலி போடவில்லை. என் வீட்டுக்காரர் கேபினட்டைக் காட்டி, "ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள கைய வெச்சிருக்கா உங்க பொண்ணு. திருடன் பண்ற வேலை" என்றார்.

அப்பா என்னிடம் வந்தார். "அதைத் தொடாதம்மா. அவங்க சாமான் அது."

அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

மூன்றாம் வருடம் பிரிந்து வந்தேன். அதற்குக் காரணம் கம்ப்யூட்டர் இல்லை. இரண்டு முறை கரு தங்காமல் போனது. பிறகு அந்த வீட்டில் எல்லாரும் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. அதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, சீர் சாமான்களைத் திருப்பித் தர முடிவாயிற்று. கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் ஒரு வேனில் ஏறின. கம்ப்யூட்டரை எடுக்கப் போனபோது அப்பா கையைக் காட்டித் தடுத்தார். "அது இருக்கட்டும். அந்தச் சனியன் நமக்கு வேணாம்."

வேன் கண்ணமங்கலம் தாண்டியிருக்கும். டிரைவர் பக்கத்தில் அப்பா, ஜன்னலோரம் நான். ஏதோ யோசனையில் வாயை விட்டுவிட்டேன்.

"அந்தக் கார்டையாவது கழட்டிட்டு வந்திருக்கலாம்ப்பா."

"என்ன கார்டு?"

சொன்னேன். அது என்ன, எதற்கு, என்ன விலை, அதற்காக எதைக் குறைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். போளூர் போனது, அதற்கப்புறம் மலை தெரிய ஆரம்பித்தது, வீடு வந்தது. சாமான்களை இறக்கி டிரைவரை அனுப்பிய பிறகு, கூடத்தில் நின்று பேசினார்.

"அந்தாளு முன்னாடி என்னைக் கை கட்டி நிக்க வெச்சிட்ட. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டையும் வாங்கியிருப்பேனே பாப்பா. எப்படியாவது பொரட்டியிருப்பேனே. விளையாட ஆசையா இருக்குதுன்னு என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

எனக்கு ஒரு பொருள் வேண்டும் என்று அந்த வயதுவரை நான் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியாது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "மன்னிச்சிடுங்கப்பா" என்றேன். அவர் பெல்ட்டை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நாற்பது நாளுக்குமேல் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவிவைப்பார். நான் மறுபடி அதே சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு காலையில், "குடை எடுத்துட்டுப் போ, வானம் மூடிக்கிச்சு" என்றார். அப்படித்தான் பேச்சு திரும்பி வந்தது. பிறகு பழையபடி பேசினார், சிரிக்கவும் செய்தார்.

அடுத்த வருடம் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கினோம். காசில் பாதி என் சம்பளம். எந்த அளவு, எத்தனை கதவு என்று நான் கடை கடையாக விசாரித்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தபோது அப்பா வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஃபிரிட்ஜ் வாங்கப் போய்விட்டதாக அம்மா சொன்னாள். மத்தியானம் ஒரு தட்டு வண்டியில் ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. பச்சை நிறம். கதவு சரியாக மூடவில்லை, அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

"நல்லா இருக்குதா?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டார்.

நான் அதன் ஒயரை எடுத்து பிளக்கில் சொருகினேன்.