கரண்டியைத் தட்டிவிட்ட ட்ரைஃபீனா

எங்கள் வெர்மான்ட் ஊரில் மிஸ் லோவினா கட்டர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பதினெட்டுக் கதைப் புத்தகங்கள் எழுதினார். ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல பிள்ளை வரும். கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் மன்னித்துவிட்டுச் செத்துப்போகும். அப்படி முடித்தால்தான் ஞாயிறு பள்ளிச் சங்கத்தார் அச்சிடுவார்கள். நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவள். மன்னித்துவிட்டுச் செத்த பிள்ளை எதையும் நான் கண்டதில்லை. தண்ணீர் கேட்டுத்தான் சாகும்.

லோவினாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. செத்துப்போன தம்பியின் மகள் ட்ரைஃபீனாவை வளர்த்தார். எட்டு வயதில் அவளுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தபோது என்னை அழைத்தார்கள். பரம சாது என்று பெயரெடுத்த பெண், கஞ்சிக் கரண்டியைத் தட்டிவிட்டாள். பார்க்க வந்த பாதிரியாருக்கு நாக்கைத் துருத்தினாள். என் கையைக் கடித்தாள்.

“போடி முட்டைக்கண்ணி! குடிக்கமாட்டேன்!”

“என்னடி பேய் புடிச்சுது உனக்கு?”

“நல்ல பிள்ளையா இருந்தா செத்துருவேன். அத்தை புத்தகத்துல எல்லாரும் அப்படித்தான் செத்தாங்க. நான் கெட்டவளாவே இருந்துக்கறேன்.”

லோவினா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன்.

“அழறதெல்லாம் அப்புறம். கஞ்சி உள்ள போகலைன்னா பொண்ணு தாங்காது. புத்தகத்துல சாகடிச்சது நீங்கதானே, நீங்களே பொழைக்க வைங்க.”

“அச்சடிச்சதை எப்படி மாத்தறது, டார்கஸ்?”

“பேனா இருக்குல்ல?”

புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். அதில் பெண் எழுந்து உட்கார்ந்து, மேப்பிள் பாகு ஊற்றி மூன்று அப்பம் தின்று, அண்ணனோடு சண்டை போட்டாள். அதை ட்ரைஃபீனாவுக்குப் படித்துக் காட்டினார்.

“நெசமாவா அத்தை?”

“எழுதினவ நான்தானே.”

ட்ரைஃபீனா வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியானது. “கடிச்சதுக்கு மன்னிச்சிடுங்க, டார்கஸ் அக்கா” என்றாள். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது.

மூன்றாம் நாள் செத்துப்போனாள். கொன்றது காய்ச்சல், கதை இல்லை. எத்தனையோ முறை சொன்னேன். லோவினா நம்பவில்லை.

அதற்குப் பிறகும் நான்கு புத்தகங்கள் எழுதினார். ஒன்றிலும் யாரும் சாகவில்லை. இதில் நீதி எங்கே என்று கேட்டுச் சங்கத்தார் நான்கையும் திருப்பி அனுப்பினார்கள்.

இருபத்தாறு வருடம் கழித்து அவருக்கு நுரையீரல் கெட்டபோதும் நான்தான் போனேன். அதே கஞ்சி. நீட்டியபோதெல்லாம் வாயைத் திறந்தார்.

“ஒரு தடவையாவது தட்டி விடுங்களேன், மிஸ் லோவினா.”

அவர் விழுங்கிவிட்டு என் கையைத் தொட்டார். “உனக்குத்தான் எவ்வளவு சிரமம். மன்னிச்சிடு, டார்கஸ்.”

கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, பிணத்துக்குப் போர்த்த அலமாரியிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து வெயிலில் போட்டேன்.